ரெக்டிஃபையர் டையோடை பின் (PIN) டையோடாகப் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

பவர் சப்ளைகளில் ஏசியை டிசியாக்கும் சாதாரண ரெக்டிஃபையர் டையோடு 1என்4007. அதை ஆன்டெனா சுவிட்சில் பின் டையோடாக, அதாவது டிசி கொடுத்து ரேடியோ சிக்னலை விடவும் தடுக்கவும் செய்யும் டையோடாகப் போடலாம் என்று கேள்விப்பட்டதும் பலருக்கும் தோன்றுவது இதுதான்: ரேடியோ வேலைக்கு வேகமான டையோடுதானே சரி, யூஎஃப்4007 போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே! பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்கு வேண்டியதே மந்தமான டையோடு.

1000 வோல்ட் தாங்குவதற்காக 1என்4007-இன் நடுவில் மிகக் குறைவாக டோப் செய்த (கலப்புப்பொருள் சேர்த்த) ஓர் அகலமான அடுக்கு இருக்கிறது. ஃபார்வர்டு மின்னோட்டம் (டையோடு கடத்தும் திசையில்) கொடுத்தால் அதில் மின்னூட்டம் நிரம்பும். அது வடியச் சில மைக்ரோவினாடிகள் ஆகும். 7 மெகாஹெர்ட்ஸில் அரைச்சுற்று சுமார் 71 நானோவினாடிதான். அதற்குள் அடுக்கு காலியாகாது. ஆகவே சிக்னலுக்கு டையோடு ஒரு சின்ன ரெசிஸ்டர் மாதிரி தெரிகிறது. யூஎஃப்4007 ஏறத்தாழ 75 நானோவினாடியில் மின்னூட்டம் வடிந்து மீண்டுவிடும். அப்புறம் என்ன, அது சிக்னலையே ரெக்டிஃபை செய்து ஹார்மோனிக்ஸ் (சிக்னல் அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் வேண்டாத சிக்னல்கள்) கிளப்பும். ஷாட்கி டையோடு இன்னும் மோசம், சேமித்துவைக்க அதில் மின்னூட்டமே கிடையாது.

அடுத்த சறுக்கல், ஆஃப் நிலையில் ரிவர்ஸ் வோல்டேஜ் கொடுக்காமல் விடுவது. 50 ஓம் லைனில் 5 வாட் என்றாலே உச்சம் 22 வோல்ட். பயஸ் (நிலையான டிசி) இல்லாத டையோடு அதில் தானே கடத்த ஆரம்பித்துவிடும். ரிவர்ஸ் வோல்டேஜ் இருந்தால், ஆஃப் நிலையில் சிக்னல் கசியும் வழியான கெப்பாசிட்டன்ஸும் குறையும். 4 வோல்டில் அது சுமார் 15 பைக்கோஃபாரட். 14 மெகாஹெர்ட்ஸில் அது 760 ஓம், பரவாயில்லை. அதே டையோடு 144 மெகாஹெர்ட்ஸில் வெறும் 74 ஓம். அங்கே இதை சுவிட்ச் என்று சொல்வதே வேடிக்கை. அசல் பின் டையோடு வாங்கிவிடுங்கள்.

பயஸ் லைன் வழியாக சிக்னல் கசியாமல் தடுக்கும் காயிலான சோக்கையும் பாருங்கள்: 10 மைக்ரோஹென்றி 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சமாளிக்கும், 1.8 மெகாஹெர்ட்ஸில் அது 113 ஓம்தான்.

இன்னொன்று, மீட்சி நேரத்துக்கு 1என்4007-இன் டேட்டாஷீட் பெரும்பாலும் உத்தரவாதம் தருவதில்லை. தயாரிப்பாளர் மாறினால் குணமும் மாறலாம். அதனால் ஒரே உறையிலிருந்து நாலைந்தை எடுத்து, 10 மில்லிஆம்பியர் பயஸில் சிக்னல் இழப்பை அளந்து பாருங்கள். சிக்னலைக் கூட்டும்போது இழப்பும் மாறினால், அந்த டையோடைப் பவர் சப்ளைக்கே திருப்பி அனுப்புங்கள்.