டிவி தொடரின் பிஜிஎம்மை ஆல்பமாகக் கேட்பது எப்படி? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வைத்து ஒரு பயிற்சி

டிவி தொடரின் சவுண்ட்டிராக் ஆல்பத்தை முதல் டிராக்கில் ஆரம்பித்து அப்படியே ஓடவிட்டால், பாதியிலேயே கவனம் எங்கோ போய்விடும். எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். அரியணைக்காகக் குடும்பங்கள் மோதிக்கொள்ளும் கற்பனை உலகத் தொடரான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2011 முதல் 2019 வரை 8 சீசன், 73 எபிசோட் ஓடியது. இசையமைப்பாளர் ராமின் ஜவாதி ஒரே மெட்டை வருடக்கணக்கில் வளர்த்துக்கொண்டு போக அந்த நீளம்தான் இடம் கொடுத்தது. அதனால் ஆல்பம் ஆல்பமாகக் கேட்காமல், ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு சீசன் சீசனாகப் போங்கள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கீழே கதை உடையும். டிராக் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

படி 1: சரியான ஆல்பத்தைத் தேடுங்கள்

தொடரின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் யார் யாரோ வாசித்த கவர்கள் வந்து குவியும். ஜவாதியின் பெயரையும் சீசன் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். சில தொடர்களுக்கு இரண்டு வகை ஆல்பம் இருக்கும். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடருக்குக் கைல் டிக்சனும் மைக்கேல் ஸ்டைனும் போட்ட பிஜிஎம் தனி. பாடகி கேட் புஷ் மாதிரியானவர்களின் பழைய பாடல்களைத் தொகுத்த ஆல்பம் தனி. எது வேண்டும் என்று பார்த்துத் திறங்கள்.

படி 2: டைட்டில் இசையை மனதில் ஏற்றுங்கள்

ஹெட்போன் அவசியம். போன் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி காணாமல் போய்விடும், இந்த இசைக்கு அதுதான் உயிர். நாலு சுரம் ஒரே சுற்றாகச் சுழன்றுகொண்டே இருக்க, மேலே செல்லோ (வயலின் வகையைச் சேர்ந்த, அதைவிடப் பெரிய தந்திக் கருவி) மெட்டைத் தொடங்கும். புல்லாங்குழல் வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்களாம். கற்பனை உலகக் கதை என்றாலே குழல் ஊதும் வழக்கம் அவர்களுக்கு அலுத்திருக்க வேண்டும். வாய்விட்டு முணுமுணுக்க வரும்வரை கேளுங்கள்.

படி 3: ஒரு மெட்டைத் துரத்துங்கள்

இதில் அவசரம் வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது 'தி ரெயின்ஸ் ஆஃப் காஸ்டமேர்'. வரிகள் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவலில் உள்ளவை, மெட்டு ஜவாதியுடையது. தங்களை எதிர்த்த ஒரு குடும்பத்தை, தொடரின் பணபலம் மிக்க குடும்பமான லானிஸ்டர்கள் பூண்டோடு அழித்த கதைதான் பாட்டு.

முதலில் சீசன் 2 ஆல்பத்தில் 'தி நேஷனல்' குழு பாடியதைப் போடுங்கள். அடிக்குரலில், குடித்துவிட்டுப் பழங்கதை சொல்வதுபோல் போகும். அப்புறம் சீசன் 3-இல் 'தி லானிஸ்டர்ஸ் சென்ட் தெயர் ரிகார்ட்ஸ்'. இங்கே வரிகள் கிடையாது, வெறும் தந்திக் கருவிகள். 9-ஆம் எபிசோடின் கல்யாண விருந்தில் கதவைச் சாத்தியதும் வாத்தியக்காரர்கள் இந்த மெட்டைத்தான் எடுப்பார்கள். விருந்துக்கு வந்திருக்கும், லானிஸ்டர்களின் எதிரிக் குடும்பத்துத் தாயான கேட்லினுக்கு முகம் மாறும். கத்தி வெளியே வருவதற்கு முன்பே பாட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. கடைசியாக சீசன் 4-இல் ஐஸ்லாந்துக் குழுவான சிகுர் ரோஸ் பாடியது. லானிஸ்டர் வழி வந்த இளம் அரசன் ஜாஃப்ரியின் கல்யாணத்தில் பாடும்போது, அவன் காசை விட்டெறிந்து விரட்டுவானே, அவர்களேதான்.

மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், பெருமைப் பாட்டு மிரட்டலாக மாறுவது காதுக்கே புரியும்.

படி 4: புதிதாக நுழையும் கருவியைக் கவனியுங்கள்

சீசன் 6-இன் 'லைட் ஆஃப் தி செவன்' கிட்டத்தட்ட 10 நிமிடம். அதுவரை இந்தத் தொடரில் பியானோவுக்கு இடமே இல்லை. இயக்குநர் மிகேல் சபோச்னிக் யோசனை சொல்ல, ஜவாதி அதைக் கொண்டுவந்தார். ஒற்றைப் பியானோ, நிறைய இடைவெளி, பிறகு சிறுவர்களின் குரல், ஆர்கன். ஜாஃப்ரியின் தாய் செர்சி கோயிலைத் தகர்க்கப்போகிறாள் என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. பழக்கமில்லாத அந்தச் சத்தமே பார்ப்பவரை உஷார்ப்படுத்திவிடும். முதல் 3 நிமிடத்தில் போனைத் தொடாதீர்கள்.

சரி, இதைக் கேட்ட கையோடு சீசன் 8-இன் 'தி நைட் கிங்' டிராக்கைப் போடுங்கள். பியானோ திரும்ப வரும். முதல்முறை அது வந்தபோது என்ன நடந்தது என்று தெரிந்தவர்களின் பயத்தை வைத்தே ஜவாதி அங்கே விளையாடியிருக்கிறார்.