புயலுக்குப் பிறகு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

மெழுகுவர்த்தி, டார்ச், தொட்டி நிறையத் தண்ணீர், செல்போனுக்கு முழு சார்ஜ். புயல் அறிவிப்பு வந்தாலே டிவியில் இதெல்லாம் ஓட ஆரம்பித்துவிடும், நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பேராவூரணிப் பக்கம் வீட்டு வயரிங் செய்பவன் நான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் செட் ஆட்கள் அவசரத்தில் செய்த கோணல் வேலைகளை, இன்று தொழிலுக்கு வந்த தம்பிகள் அச்சு மாறாமல் செய்கிறார்கள். வீட்டுக்காரர்களும் கேட்டு வாங்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காற்று நின்றதும் வெளியே போவது

2016 டிசம்பரில் வர்தா சென்னையைக் கடந்தபோது நடுவில் காற்று அடங்கியது. போனது புயலின் கண்தான். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. முதல் காற்றில் வேர் ஆடிப்போன மரத்தை விழத்தட்டுவது இந்த இரண்டாவது காற்றுதான். முழுதாகக் கடந்துவிட்டது என்று வானிலை மையம் சொல்லும்வரை மாடியில் ஓடு சரிசெய்யவோ தென்னையைப் பார்க்கவோ போகாதீர்கள்.

அறுந்து கிடக்கும் கம்பி

தொடாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

ஜெனரேட்டரை பிளக் பாயின்டில் சொருகுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கஜாவில் டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போயின. உள்ளூர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய், மோட்டார் ஓட்டித் தொட்டி நிரப்பிக் கொடுப்பதே ஒரு தொழிலானது. மோட்டார் வயரைக் கழற்றி நேராக ஜெனரேட்டரில் கொடுத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அதற்குப் பத்து நிமிடம் ஆகும். ஆகவே ஒரு குறுக்குவழி: இரண்டு முனையிலும் பிளக் டாப் மாட்டிய வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், இன்னொரு முனை ஃபிரிட்ஜ் பாயின்டில். வீடு மொத்தமும் எரியும்.

வீடு மட்டுமா? மெயின் சுவிட்ச் போட்டிருந்தால் அந்தக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாகக் கம்பத்துக்குப் போகும், அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்கித் தரும் அதே டிரான்ஸ்பார்மர், இந்தப் பக்கமிருந்து 230 கொடுத்தால் அந்தப் பக்கம் 11,000 ஆக ஏற்றிவிடும். அங்கே கம்பத்தில் ஒருவர் ஏறியிருப்பார்.

“இத்தனூண்டு ஜெனரேட்டர் தெருவுக்கே எப்படிண்ணே கரண்ட் கொடுக்கும், திணறி நின்றுவிடாதா?” என்று கேட்பார்கள். மற்ற நாட்களில் நிற்கும், ஏனென்றால் தெருவின் லோடு முழுவதும் அதன் தலையில் விழும். புயலுக்குப் பிறகு லைன் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இழுக்க லோடு இல்லை, மிஷின் நிதானமாக ஓடும்.

“மெயினை ஆஃப் செய்துவிட்டேன்” என்பது அடுத்த பதில். ஒரு வீட்டில் இப்படித்தான் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் மெயின் ஆனில் இருக்கிறது. கரண்ட் வந்துவிட்டதா பார்க்கலாம் என்று வீட்டுப் பாட்டி போட்டுவிட்டிருக்கிறார். இரண்டு தெரு தள்ளி வெளி மாவட்டத்து லைன்மேன்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன், அந்த வயரைச் செய்து கொடுத்தவனைத்தான் திட்டினேன். அந்த வயரில் இன்னொரு வம்பும் உண்டு. ஜெனரேட்டர் ஓடும்போது ஃபிரிட்ஜ் பாயின்டில் சொருகிய முனை கழன்று விழுந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்னில் 230 வோல்ட் இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது. ஈபி ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. கரண்ட் வரும் ஃபேஸ், திரும்பிப் போகும் நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற டபுள் போல் (double pole) சுவிட்சாக வாங்குங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் மாட்டிவிடுங்கள், புயல் அறிவித்த பிறகு எங்களைப் பிடிக்க முடியாது. அது இல்லையா, சரி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபிரிட்ஜையும் சார்ஜரையும் நேராக மாட்டிக்கொள்ளுங்கள். தம்பிகளுக்கு ஒன்று: யார் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும் அந்த இரட்டை பிளக் வயரைச் செய்யாதீர்கள்.

ஜெனரேட்டரை உள்ளே வைத்து ஓட்டுவது

கூடாது. மழைக்கு ஒதுங்க என்று அடைத்த வராந்தாவும் உள்ளேதான். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் விஷவாயு, அதற்கு வாசனை கிடையாது.

டிரிப் ஆகும் ஆர்சிசிபியை பைபாஸ் செய்வது

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை வெட்டுகிற சுவிட்ச்தான் ஆர்சிசிபி. சுவர் ஊறிப்போயிருந்தால் அது விழத்தான் செய்யும். விழுவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும் சின்ன சுவிட்சான எம்சிபி எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனைக் காயும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். சில இடங்களில் கூடவே நியூட்ரலையும் கழற்ற வேண்டிவரும், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் வந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் போடுவது

அவசரமாக இழுத்த லைனில் நியூட்ரல் சரியாகச் சேராமல் விட்டுப்போவதுண்டு. அப்போது 230 வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறி வரலாம். புயலுக்குத் தப்பிய டிவியும் ஃபிரிட்ஜும் அன்றைக்குத்தான் புகையும். முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு குண்டு பல்பைப் போட்டுப் பாருங்கள், எல்ஈடியில் இது தெரியாது. வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தாலோ, மங்கி மங்கி எரிந்தாலோ மெயினை இறக்கிவிட்டு ஈபிக்குச் சொல்லுங்கள். ஒழுங்காக எரிந்தால் ஒரு மணி நேரம் கழித்து ஃபிரிட்ஜ், அப்புறம் மோட்டார்.