ஓய்வுபெற்ற பிறகு நெடும்பயணத்துக்கும் கேம்பிங்குக்கும் பைக் தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. முதல் பைக் வாங்கும்போது எத்தனை சிசி, எவ்வளவு வேகம் என்று மட்டும்தான் பார்த்தேன். ஓடும்போது அருமையான வண்டிதான். ஒரு சாயங்காலம் ஏழெட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, மழையில் ஊறிய புல்தரையில் சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஸ்டாண்டு மெல்ல மண்ணுக்குள் இறங்க, சாமான்களோடு வண்டி சாய்ந்துவிட்டது. பிடிக்கவும் முடியவில்லை, தனியாகத் தூக்கவும் முடியவில்லை. அதனால் முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சாமான் ஏற்றி, வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, நீங்கள் களைத்திருக்கும் நேரத்தில் அதைச் சமாளிக்க முடியுமா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 1: பயணத்தை எழுதிக்கொள்ளுங்கள்

தார்ச் சாலையா, கரடுமுரடான மண் பாதையா? தனியாகவா, துணையோடா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? நம்மை யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. கூடாரம் போட வெளிச்சம் மிச்சம் இருக்க வேண்டும் என்றால் 250, 300 கிலோமீட்டர் போதும். இந்தப் பதில்கள் கையில் இல்லாமல் கடைக்குப் போனால் பளபளப்பைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம்.

படி 2: எடையைப் பாருங்கள்

விவரப் பட்டியலில் 'கெர்ப் எடை' என்று ஒன்று இருக்கும். பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்த எடை அது. சில இடங்களில் பெட்ரோல் போன்றவற்றைச் சேர்க்காத 'டிரை எடை' மட்டும் போட்டிருப்பார்கள். அது குறைவாகத் தெரியும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஹோண்டா கோல்டு விங் மிகவும் சொகுசான வண்டி, ஆனால் 350 கிலோவுக்கு மேல். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் சுமார் 250 கிலோ. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, ஹிமாலயன் இரண்டும் 200 கிலோவுக்குள்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 200 கிலோவை ஒட்டியே நிற்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கடையில் இதைச் செய்து பாருங்கள். இஞ்சினை அணைத்து, பக்கத்தில் நின்றபடி வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளுங்கள். ஒரு பக்கம் திருப்புங்கள். லேசான ஏற்றத்தில் இன்னொரு தடவை. மூச்சு வாங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

அப்புறம், விழுந்த வண்டியைத் தூக்கும் முறையை வாங்குவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். முதலில் இஞ்சினை அணைக்க வேண்டும். முடிந்தால் கியரில் போடுங்கள், தூக்கும்போது உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்திருக்கும் பக்கமாகவே ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, வண்டிக்கு முதுகு காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை ஒட்டிக் குந்துங்கள். ஒரு கை கீழே இருக்கும் கைப்பிடியில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியில். முதுகை வளைக்காமல், கால்களால் உந்தி, சிறு சிறு அடிகளாகப் பின்னால் நடந்தால் வண்டி எழும்பும். முட்டி வலியோ முதுகு வலியோ இருந்தால் சாமானை இறக்கிவிட்டு, உதவிக்கு ஒருவர் வரும்வரை காத்திருப்பதே நல்லது. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டையான பலகைத் துண்டு எப்போதும் கையோடு இருக்கட்டும்.

படி 3: பையைக் கட்டிவிட்டு ஏறிப் பாருங்கள்

சீட் உயரத்தை எல்லாரும் பார்ப்பார்கள். மீட்டியாருக்கு 765 மில்லிமீட்டர், சுசுகி வி-ஸ்ட்ரோம் 650க்கு 835. இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் நன்றாகப் பதிய வேண்டும். ஆனால் பலர் கவனிக்காத விஷயம் ஏறுவது. பின் சீட்டில் கூடாரப் பையைக் குறுக்காகக் கட்டிவிட்டால், காலை வீசி ஏறும் இடம் அடைபட்டுப் போகும். கடைக்குப் போகும்போது ஒரு தலையணையைச் சுருட்டிக் கொண்டுபோங்கள். பின் சீட்டில் வைத்துவிட்டு நாலைந்து தடவை ஏறி இறங்குங்கள். இடுப்பு மூட்டு ஒத்துழைக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

உட்கார்ந்த பிறகு முதுகு நிமிர்ந்திருக்கிறதா, மணிக்கட்டில் பாரம் விழாமல் இருக்கிறதா, முட்டி ரொம்ப மடங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேரம் அப்படியே உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லா சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். கிளட்ச் பிடித்துப் பிடித்து விரல் வலிக்கிறவர்கள் ஹோண்டாவின் டிசிடி என்ற தானியங்கி கியர் உள்ள வண்டிகளை ஓட்டிப் பாருங்கள். அவற்றில் கிளட்ச் பிடியே கிடையாது.

படி 4: சுமைக் கணக்கு போடுங்கள்

வண்டி தாங்கும் மொத்த எடையிலிருந்து கெர்ப் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். பல நடுத்தர வண்டிகளில் இது 180 முதல் 200 கிலோ. ஓட்டுபவர் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு 85, துணை 65, பெட்டிகளும் சாமானும் 40 என்றால் 190 ஆகிவிட்டது. கூடாரம், தூங்கும் பை, பாய், அடுப்பு, மடக்கு நாற்காலி என்று கேம்பிங் சாமான் மட்டும் 15 கிலோவைத் தாண்டிவிடும். நாற்காலியை விட்டுவிடாதீர்கள், நம் வயதில் தரையில் உட்கார்ந்து எழுவது லேசான காரியமில்லை. கனமானதைக் கீழேயும் முன்னால் தள்ளியும் வையுங்கள். பின்னால் உயரத்தில் மாட்டும் பெட்டியான டாப் பாக்ஸில் பாரம் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி வண்டி ஆடும்.

படி 5: மற்றவை

டேங்க் நிரப்பினால் 300 கிலோமீட்டர் ஓடினால் போதும். டேங்க் பெரிதானால் எடையும் கூடும்: 20 லிட்டர் பெட்ரோலே 15 கிலோ எடை, அதுவும் உயரத்தில். டயர் ட்யூப்லெஸ்ஸாக இருந்தால் பஞ்சரை வழியிலேயே அடைத்துக் காற்று நிரப்பிக் கிளம்பலாம். ட்யூப் என்றால் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கும். செயின் வண்டிக்கு அடிக்கடி எண்ணெய் போட வேண்டும், செயினுக்குப் பதில் சுழலும் தண்டு சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் வண்டிக்கு அந்த வேலை இல்லை, ஆனால் எடை கூடும். திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டியைத் தொடவே தொடாதீர்கள்.

படி 6: இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள்

சரி, பட்டியலில் இரண்டு வண்டி மிஞ்சியிருக்கும். ஒன்றை வாடகைக்கு எடுத்து, முழுச் சாமானோடு ஓர் இரவு வெளியே தங்குங்கள். மறுநாள் காலையில் கூடாரத்தை மடித்துக் கட்டிவிட்டு ஏறும்போது எங்கே வலிக்கிறது, கை மரத்திருக்கிறதா, வண்டியைப் புல்லிலிருந்து சாலைக்குத் தள்ள எவ்வளவு சிரமம் என்று அங்கேயே ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. பணம் கட்டப் போகும்போது அந்த இரண்டு தாளும் சட்டைப் பையில் இருக்கட்டும்.