ஆபீஸ் பார்ட்டிக்கு முன்கூட்டியே செய்துவைக்க எந்த இனிப்பு? புதியவர்களுக்குப் படிப்படியாக

“இனிப்பு நான் கொண்டு வருகிறேன்” என்று கை தூக்கிவிட்டீர்களா? சரி, தூக்கிய கையை இனி இறக்க முடியாது. ஆனால் உடனே போய்ச் சமையல் வீடியோ தேடாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

படத்தில் அழகாக இருந்ததே என்று பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கேக், கஸ்டர்டு, ஸ்ட்ராபெர்ரி, கிரீம் என்று அடுக்கி டிரைஃபிள் செய்தேன். முந்தின இரவு ருசி பார்த்தபோது பிரமாதம். மறுநாள் ஆபீஸ் பிரிட்ஜைத் திறந்தால் எல்லாருடைய சாப்பாட்டு டப்பாவும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. கிண்ணம் நுழையவில்லை. மேசை மேலேயே நாலு மணி நேரம் கிடந்தது. கிரீம் தண்ணீர் விட்டு, பழச்சாறு ஓரமாக வழிந்து, பார்ட்டி தொடங்கும்போது யாருக்கும் கொடுக்க எனக்கே மனசு வரவில்லை. முழுவதையும் கொட்டினேன்.

அன்றிலிருந்து ருசியைப் பற்றி அப்புறம்தான் யோசிப்பது. என் அடுப்பிலிருந்து அவர்கள் வாய்க்குப் போகும்வரை இந்தப் பண்டம் எதையெல்லாம் தாங்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

படி 1: ஆபீஸை ஒரு நோட்டம் விடுங்கள்

பிரிட்ஜில் இடம் இருக்குமா? கத்தி, தட்டு, ஸ்பூன் இருக்கிறதா? வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்துக்கும் இனிப்பு பரிமாறும் நேரத்துக்கும் எத்தனை மணி நேர இடைவெளி?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கிரீம், கஸ்டர்டு, கிரீம் சீஸ் சேர்ந்தவை பிரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. பயண நேரமும் இதில் அடக்கம். காலை 9 மணிக்குக் கிளம்பி மாலை 4 மணிக்குப் பார்ட்டி, பிரிட்ஜில் இடமும் இல்லை என்றால் கிரீம் வகைகளை அப்போதே மறந்துவிடலாம்.

படி 2: சாப்பிடப் போகிறவர்களைக் கேளுங்கள்

முட்டை சேர்க்காதவர்கள், முந்திரி, பாதாம் போன்ற பருப்பு வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள், பால் ஆகாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஆபீஸ் குரூப்பில் ஒரு வரி போட்டால் போதும். ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து வருவது என்பது பலருக்குத் தெரியாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் பயன்படுத்துங்கள்.

படி 3: வைத்தால் நன்றாகிறதா, கெடுகிறதா?

இனிப்புகளை நான் இரண்டாகத்தான் பிரிப்பேன். ஓர் இரவு வைத்தால் நன்றாவது ஒரு கட்சி, சொதப்புவது இன்னொரு கட்சி.

பிரவுனி, இஞ்சியும் பட்டையும் போட்ட கேக், பழக் கேக் எல்லாம் முதல் கட்சி. மறுநாள் ஈரம் பரவி, வாசனை ஊறி, வெட்டவும் எளிதாக இருக்கும். சீஸ்கேக்குக்கு ஓர் இரவு பிரிட்ஜில் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வெட்டும்போது சரியும். பிரிட்ஜ் வசதி இருந்தால் அதையோ, சாக்லேட் மூஸையோ சின்னக் கப்களில் செட் செய்து கொண்டு போகலாம்.

மொறுமொறுப்பும் ஈரமும் ஒன்றாக இருப்பவை இரண்டாம் கட்சி. கிரீம் நிரப்பிய எக்ளேர், பழம் அடுக்கிய டார்ட் எல்லாம் சில மணி நேரத்தில் நமுத்துவிடும். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்துச் சுடும் மெரிங்கு காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துப் பிசுபிசுக்கும். ஜெல்லி செய்வதாக இருந்தால் ஜெலட்டினில் பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி போடாதீர்கள். அவற்றில் உள்ள நொதிகள் புரதத்தைச் சிதைப்பதால் விடிய விடியக் காத்திருந்தாலும் உறையாது. டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடானது, அது பரவாயில்லை.

முதல்முறை செய்கிறவர்களுக்கு என் ஓட்டு பிரவுனிக்கே. ஆபீஸில் பிரிட்ஜ் வேண்டாம், ஸ்பூன் வேண்டாம், டிஷ்யூ பேப்பரில் வைத்து நின்றுகொண்டே சாப்பிடலாம்.

படி 4: பிரவுனி

20 செ.மீ. சதுர டின்னுக்கு வெண்ணெய் 150 கிராம், டார்க் சாக்லேட் 200, சர்க்கரை 200, முட்டை 3, மைதா 90, கோகோ பவுடர் 30, உப்பு அரை டீஸ்பூன். தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கப் அளவில் மைதா கைக்குக் கை மாறும்.

டின்னில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள். பிறகு மொத்தத்தையும் தூக்க அதுதான் கைப்பிடி. ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்க வையுங்கள். வெண்ணெயையும் சாக்லேட்டையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறவிடுங்கள். முட்டையையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் அடித்து, சாக்லேட்டை ஊற்றிக் கலக்குங்கள். மைதா, கோகோ, உப்பைச் சலித்துச் சேர்த்து, வெள்ளை மாவு கண்ணில் படாமல் போனதும் கையை எடுத்துவிடுங்கள். மேலும் கிளறினால் கெட்டியாகும்.

கலவையை டின்னில் ஊற்றி ஓவனில் வையுங்கள். 25 நிமிடத்தில் ஒரு குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். மாவு கூழாக ஒட்டினால் இன்னும் சில நிமிடம். ஈரமான துகள்கள் நாலைந்து ஒட்டினால் உடனே வெளியே எடுங்கள். குச்சி சுத்தமாக வந்தால் தாமதித்துவிட்டீர்கள், அது இனி சாக்லேட் கேக். அதுவும் தீர்ந்துவிடும், கவலை வேண்டாம்.

முட்டை வேண்டாமா? முட்டையில்லாப் பிரவுனியோடு மல்லுக்கட்டாமல் ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட் செய்யுங்கள். எடைக் கணக்கில் சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2, மைதா 3. மறக்கவே முடியாத கணக்கு. காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

படி 5: பின்னாலிருந்து எண்ணுங்கள்

வெள்ளிக்கிழமை பார்ட்டி என்றால் புதன் இரவு சுட்டு, டின்னிலேயே முழுக்க ஆறவிட்டு மூடிவையுங்கள். வியாழன் காலை பிரிட்ஜில் வைத்து இரவு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் பிய்ந்துவிடும். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரு கோடு. மறுபடி முக்கி, துடைத்து, அடுத்த கோடு. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஓரங்கள் கடையில் வாங்கியது போல நிற்கும். நாலுக்கு நாலு வெட்டினால் 16 துண்டு. மேசையில் வேறு பலகாரமும் இருக்கும் என்றால் குறுக்கே ஒரு வெட்டு, 32 முக்கோணம்.

ஒரு மாதம் முன்பே செய்து பிரீசரிலும் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். சுற்றிய உறையோடே குளிர் தணியட்டும், அப்போது வியர்க்கிற நீர் பிரவுனி மேல் படாமல் உறை மேல் நிற்கும்.

படி 6: கொண்டு போவது

தட்டையான டப்பா, அடுக்குக்கு அடுக்கு நடுவில் பட்டர் பேப்பர். மடியில் வேண்டாம், ஒரு பிரேக் போதும். வண்டியின் தரையில் சமமாக வையுங்கள். டப்பா மூடியில் ஒரு சீட்டு: முட்டை, பால், கோதுமை உண்டு, பருப்பு இல்லை. சாக்லேட்டின் உறையிலும் பருப்பு கலந்திருக்கலாம் என்று அச்சடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு இந்தக் கடைசி வார்த்தையை எழுதுங்கள்.

வெட்டும்போது ஓரம் உதிர்ந்த துண்டுகளை டப்பாவில் போடாதீர்கள். அவை சமையல்காரரின் கூலி.