ஒரு வெளிச்சம் இரண்டாகத் தெரியும் இடைவெளி: ஆல்ஃபா அலையோடு சேர்த்து அளக்கும் முறை

திரையில் ஒரு வெள்ளை வட்டம் ஒரே ஒரு முறை பளிச்சிடுகிறது. அதே கணத்தில் ஒரு 'பீப்', உடனே இன்னொரு 'பீப்'. பார்ப்பவர்களில் பலர், வட்டம் இரண்டு முறை மினுங்கியது என்று அடித்துச் சொல்வார்கள். லாடன் ஷாம்ஸும் அவருடைய குழுவினரும் 2000இல் வெளியிட்ட மாயை இது. பீப்புகளின் இடைவெளி கூடக் கூட மாயை தளரும். 100 மில்லிசெகண்டை ஒட்டிப் பலருக்குக் கலையத் தொடங்கும். கண்ணை மூடினால் பின்மண்டையில் ஓங்கி எழும் மூளையின் மின் அலையான ஆல்ஃபா 10 ஹெர்ட்ஸ் என்றால், அதன் ஒரு சுற்றும் அதே 100 மில்லிசெகண்ட்தான். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் அளந்து ஒப்பிடுவதுதான் இங்கே வேலை.

வலிப்பு நோய் உள்ளவர்களையும், மினுங்கும் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதவர்களையும் இந்தச் சோதனையில் உட்கார வைக்கவே கூடாது.

முதலில் ஒலி. இரண்டு பீப்பையும் தனித்தனியாக இயக்கச் சொன்னால் கணினி தன் வசதிக்குத் தாமதிக்கும். ஒவ்வொரு இடைவெளிக்கும் இரண்டு பீப்பும் அடங்கிய ஒரே ஒலிக்கோப்பாகச் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பீப்பும் 3,500 ஹெர்ட்ஸ், 7 மில்லிசெகண்ட். இடைவெளியை முதல் பீப்பின் தொடக்கத்திலிருந்து இரண்டாவதின் தொடக்கம் வரை கணக்கிடுங்கள்: 36 மில்லிசெகண்டில் ஆரம்பித்து 12 12ஆக ஏற்றி 204 வரை, மொத்தம் 15 இடைவெளிகள். கோப்பு 48,000 ஹெர்ட்ஸில் இருந்தால் 12 மில்லிசெகண்டுக்குச் சரியாக 576 சாம்பிள்கள், பின்னமே வராது. ப்ளூடூத் இயர்போன் வேண்டாம். அதன் தாமதத்தால் பீப் வெளிச்சத்துக்குப் பிந்திவிடும். ஒயர் உள்ளதுதான் சரி.

அடுத்தது வெளிச்சம். திரையிலிருந்து 57 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திரையில் 1 சென்டிமீட்டர் கண்ணுக்கு 1 டிகிரி. நடுவில் ஒரு சிறு கூட்டல் குறி. பார்வை அதைவிட்டு நகரக் கூடாது. அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே, 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். வட்டத்தையே நேராகப் பார்த்தால் மாயை வலுவிழக்கும். தொடக்கக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வட்டம் ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் தோன்ற வேண்டும், அதாவது 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 16.7 மில்லிசெகண்ட். இதையெல்லாம் இலவச மென்பொருளான சைக்கோபையில் எழுதிவிடலாம்.

நிரலில் 'ஒரே நேரம்' என்று எழுதிவிட்டால் மட்டும் ஒலியும் ஒளியும் ஒன்றாக வந்துவிடாது. வட்டம் தோன்றும் இடத்தில் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் ஒரு ஃபோட்டோடயோடை ஒட்டி அதன் சிக்னலை சவுண்ட் கார்டின் ஒரு சேனலுக்கும், இயர்போன் சிக்னலை மற்ற சேனலுக்கும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் ஒளியின் ஏற்றமும் பீப்பின் தொடக்கமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கண்ணாலேயே எண்ணலாம். விலகல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் நிரலில் கழித்துவிடலாம். தாறுமாறாக மாறினால் எந்தக் கழித்தலும் காப்பாற்றாது. வேறு சவுண்ட் கார்டையோ டிரைவரையோ பாருங்கள்.

ஒவ்வொரு இடைவெளிக்கும் 10 முறை, ஆக 150. அதோடு ஒரு வெளிச்சம்–ஒரு பீப், இரண்டு வெளிச்சம்–இரண்டு பீப், இரண்டு வெளிச்சம்–ஒரு பீப் ஆகியவற்றில் 20 20 கலந்து, வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். சுற்றுக்கு 4 செகண்ட் என்றால் மொத்தம் 14 நிமிடம். பாதியில் ஓய்வு கொடுங்கள். கலப்பு எதற்கென்றால், சிலர் வெளிச்சத்தை விட்டுவிட்டு பீப்பை எண்ணிச் சொல்வார்கள். இரண்டு வெளிச்சம்–ஒரு பீப் சுற்றுகளில் அவர்கள் விடாமல் 'ஒன்று' என்பார்கள். அந்த வெளிச்சங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி, சுமார் 150 மில்லிசெகண்ட், விட்டால்தான் இந்தச் சோதனை பிடிபடும்.

'இரண்டு' என்ற பதில்களின் விகிதத்தை இடைவெளிக்கு எதிராக வரைந்து, அதன்மேல் எஸ் வடிவக் கோட்டைப் பொருத்துங்கள். கோடு செங்குத்தாக விழும் நடுப்புள்ளிதான் அந்த ஆளின் மாயைச் சாளரம். சிலருக்கு மாயையே வராது, சிலருக்கு 204 வரை குறையாது. அவர்களுக்குக் கோட்டை வலிந்து பொருத்தி எண் எடுப்பது தப்பு.

ஆல்ஃபாவுக்கு ஈஈஜி, அதாவது தலைமேல் எலக்ட்ரோட் வைத்து மூளையின் மின் அலையைப் பதியும் கருவி, வேண்டும். பின்மண்டையில் ஓஇசட் (நடு), ஓ1 (இடது), ஓ2 (வலது) இடங்கள். ஒப்பீட்டு எலக்ட்ரோட் காது மடலில். முடியை விலக்கி ஜெல் தோலைத் தொட வேண்டும். முடிமேல் உட்கார்ந்த எலக்ட்ரோட் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலைத்தான் காட்டும். கண்ணை மூடி, தூங்காமல், 3 நிமிடம். தூக்கம் கவிந்தால் ஆல்ஃபா மங்கிவிடும். தாடையை இறுக்கிய பகுதிகளை வெட்டி எறியுங்கள். 4 செகண்ட் துண்டுகளாக அலைவரிசைப் பகுப்பு செய்தால் 0.25 ஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும். 1 செகண்ட் துண்டில் 9க்கும் 10க்கும் நடுவே எதுவுமே தெரியாது. 7 முதல் 13 ஹெர்ட்ஸுக்குள் உச்சியைத் தேடி, 1,000ஐ அதால் வகுங்கள். 9 என்றால் 111 மில்லிசெகண்ட், 11 என்றால் 91.

ராபர்ட்டோ செசெரே, ஜெரைன்ட் ரீஸ், வின்சென்சோ ரொமே மூவரும் 2015இல் கண்டது இதுதான்: ஆல்ஃபா மெதுவாக ஓடுபவர்களுக்குச் சாளரம் அகலம், வேகமாக ஓடுபவர்களுக்குக் குறுகல். மண்டைக்கு வெளியிலிருந்து மாறுமின்னோட்டம் செலுத்தி அலையை மெதுவாக்கியபோது சாளரமும் அகன்றது. ஆனால் 2022இல் ஸ்டெஃபன் பியர்கர்ஸும் உட்டா நோப்பனியும் நடத்திய விரிவான சோதனைகளில் இந்தத் தொடர்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே ஒருவரிடம் இரு எண்களும் பொருந்தினால் அதை நிரூபணமாக எடுக்காதீர்கள். அதே ஆளை இன்னொரு நாள் அளந்து, எண் எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். மின்னோட்டம் செலுத்துவதை வீட்டில் தொடவே வேண்டாம்.

பீப்புக்குப் பதில் தொடுதலை வைத்துப் பார்க்க நினைப்பவர்கள் போன் வைப்ரேட்டரை நம்பாதீர்கள். பலவற்றின் மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் நேரம் போய்விடும். ஒரு சின்ன ஸ்பீக்கரின் கூம்பில் விரல்நுனியை வைத்து, அதே முறையில் செய்த கோப்பை 200 ஹெர்ட்ஸுக்கு மாற்றி ஓட்டுங்கள். 200 ஹெர்ட்ஸின் ஒரு அலைக்கே 5 மில்லிசெகண்ட் ஆவதால் துடிப்பை 7இலிருந்து 20 ஆக நீட்டுங்கள். இடைவெளிகள் 36இலிருந்தே தொடங்கலாம். ஸ்பீக்கரின் சத்தம் காதில் விழுந்தால் சோதனை மறுபடி ஒலிச்சோதனை ஆகிவிடும். இயர்போனில் இரைச்சல் ஓடவிட்டு அதை மறையுங்கள்.