வரவு, விலை, சிட்டை: முனையத்தில் எஃப் விசைகளுக்குக் கட்டளைகளை ஒதுக்கும் முறை

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மல்லியும் பிச்சியும் வந்து இறங்கும்போது, கொண்டுவந்தவர் பெயர், பூவின் வகை, எடை ஆகியவை உடனுக்குடன் கணக்கில் ஏற வேண்டும். நான் கணினிப் பணி பார்க்கும் கமிஷன் கடையில் இதற்கென லினக்ஸ் முனையத்தில் இயங்கும் நான்கு சிறிய நிரல்கள் உள்ளன: வரவைப் பதிவது, அன்றைய விலையைக் காட்டுவது, விவசாயிக்குச் சிட்டை அச்சிடுவது, நாள் கணக்கை முடிப்பது.

விவசாயிகளின் பெயர்களைக் கணக்கர் தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் தட்டுகிறார். நிரலை அழைக்கும் கட்டளையையோ ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். முகூர்த்த நாள் கூட்டத்தில் ஒவ்வொரு சிட்டைக்கும் விசைப்பலகையை மாற்றி மாற்றி அமைப்பது பெரும் இடையூறு. எஃப் விசைகளோ எந்த மொழி அமைப்பில் இருந்தாலும் ஒரே குறியைத்தான் அனுப்புகின்றன. கட்டளைகளை அவற்றில் ஏற்றிவிட்டால் மாற்றும் தேவையே எழாது என்பதால்தான் இந்த முறையை நான் வற்புறுத்துகிறேன்.

பாஷ் கட்டளைச் சூழல், நாம் தட்டுவதை ரீட்லைன் என்ற நிரலகத்தின் வழியாகப் பெறுகிறது. எந்த விசைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ரீட்லைன், உங்கள் முகப்பு அடைவில் புள்ளியில் தொடங்கும் 'இன்புட்ஆர்சி' (.inputrc) என்ற கோப்பிலிருந்து படித்துக்கொள்கிறது. அந்தக் கோப்பு இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். ஆனால் அதை உருவாக்கியதும், கணினி முழுமைக்கும் பொதுவாக 'இடிசி' அடைவில் உள்ள அதே பெயர்க் கோப்பு உங்களுக்காகப் படிக்கப்படாது. ஆகவே டாலர் குறியுடன் கூடிய 'இன்க்ளூட்' வரியால் ($include /etc/inputrc) அந்தப் பொதுக் கோப்பை முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் விசை எந்தக் குறியை அனுப்புகிறது என்று பாருங்கள். முனையத்தில் கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு எஃப்5-ஐ அழுத்தினால், பெரும்பாலான முனையங்களில் ^[[15~ என்று தோன்றும். இதில் முதல் இரு குறிகளும் சேர்ந்து எஸ்கேப் என்ற ஒரே எழுத்தைக் குறிக்கின்றன. எட்டை அடியாகக் கொண்ட எண் முறையில் அதன் மதிப்பு 033. எஃப்6 முதல் எஃப்10 வரை 17 முதல் 21 வரையும், எஃப்11, எஃப்12-க்கு 23, 24-உம் வரும். 16-உம் 22-உம் விடுபட்டிருப்பதைக் கண்டு தவறு நேர்ந்ததாக எண்ண வேண்டாம். இந்த எண்கள் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1983-இல் வெளியிட்ட விடி220 என்ற முனையக் கருவியின் வழி வந்தவை. அதன் விசைப்பலகையில் எஃப் விசைகள் குழு குழுவாகப் பிரிந்திருந்தன, அந்த இடைவெளிகள் எண்களிலும் தங்கிவிட்டன.

இப்போது கோப்பில் எழுத வேண்டிய வரி இது:

"\033[15~": "\005\025கட்டளை\015"

'கட்டளை' என்ற இடத்தில் உங்கள் நிரலின் பெயரை எழுதுங்கள். இறுதியில் உள்ள \015 என்டர் விசைக்குச் சமம். தொடக்கத்தில் உள்ள \005 கன்ட்ரோல்-இ, அதாவது வரியின் கடைசிக்குச் செல்வது. \025 கன்ட்ரோல்-யு, அதாவது அங்கிருந்து வரியின் தொடக்கம் வரை அழிப்பது. இவ்விரண்டும் இல்லையென்றால், கணக்கர் பாதி தட்டியிருந்த வரியின் நடுவில் கட்டளை ஒட்டிக்கொண்டு பிழைச் செய்தி வரும். அழிக்கப்பட்ட வரியும் தொலைந்துவிடுவதில்லை. வேலை முடிந்ததும் கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் திரும்பக் கிடைக்கும். கோப்பைச் சேமித்தபின் முனையத்தில் கன்ட்ரோல்-எக்ஸ், தொடர்ந்து கன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் புதிய அமைப்பு அப்போதே நடைமுறைக்கு வரும்.

எங்கள் கடையில் எஃப்5 வரவுக்கு, எஃப்6 விலைக்கு, எஃப்7 சிட்டைக்கு, எஃப்8 நாள் முடிப்புக்கு. எஃப்1, எஃப்10, எஃப்11 ஆகியவற்றை நான் தொடவில்லை. பல வரைகலை முனையங்கள் உதவி, பட்டி, முழுத்திரை என்று அவற்றைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. மடிக்கணினியில் எஃப் விசைகள் ஒலி, வெளிச்சம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

எஃப்8 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் நான் அதன் வரியிலும் இறுதியில் \015 சேர்த்திருந்தேன். தை மாத முகூர்த்த நாளொன்றில், சிட்டைக்காக எஃப்7-ஐத் தேடிய விரல் எஃப்8-இல் பட்டு, பாதி மூட்டைகள் எடைபோடப்படும் முன்பே அன்றைய கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது. முந்தைய இரவின் காப்புப் படியிலிருந்து கணக்கை மீட்டு, அதுவரை வந்த வரவைத் தாள் குறிப்பிலிருந்து திரும்ப ஏற்றினோம். அதுவரை விவசாயிகள் பணத்துக்காகக் காத்து நின்றார்கள். பிழை கணக்கருடையது அன்று, அந்த வரியை எழுதிய என்னுடையது. அன்றே எஃப்8 வரியிலிருந்து \015-ஐ நீக்கினேன். இப்போது அதை அழுத்தினால் கட்டளை திரையில் எழுதப்பட்டு நிற்கும். கண்ணால் பார்த்து, என்டர் அழுத்தினால்தான் இயங்கும். பார்த்துவிட்டு நகரும் கட்டளைகளுக்கு என்டரைச் சேர்க்கலாம்; எதையேனும் மாற்றுகிற, அழிக்கிற, முடிக்கிற கட்டளைகளுக்குச் சேர்க்கவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கோப்பைப் பாஷ் மட்டும் படிப்பதில்லை. ரீட்லைனைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும் படிக்கின்றன. கணக்குத் தரவுத்தளத்தைத் திறக்கும் பிஎஸ்கியூஎல் நிரலுக்குள் இருக்கும்போது எஃப்5 அழுத்தினால், பாஷுக்கான கட்டளை அங்கே கொட்டப்படும். ஆகையால் உங்கள் வரிகளுக்கு மேலே டாலர் குறியுடன் 'இஃப் பாஷ்' ($if Bash) என்ற வரியையும், கீழே டாலர் குறியுடன் 'என்ட்இஃப்' ($endif) என்ற வரியையும் ஆங்கில எழுத்தில் இட்டு வேலி கட்டிவிடுங்கள். பிஎஸ்கியூஎல்லுக்கென அதன் பெயரில் தனியாக இன்னொரு வேலி அமைத்து, அதே எஃப்5-க்கு அன்றைய வரவைத் திரட்டும் வினவலைத் தரலாம். கடைக் கணினியை வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத் திறப்பவர்களுக்கு, கடைக் கணினியில் உள்ள கோப்புதான் செல்லுபடியாகும்.

எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, பாஷின் 'பைண்ட்' கட்டளையை எஸ் தெரிவுடன் (bind -s) இயக்குங்கள்; நீங்கள் அமைத்த விசைகளும் அவற்றின் கட்டளைகளும் வரிசையாக வரும். அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு தாள் பட்டையில் நான்கு பெயர்களையும் எழுதி, எஃப் விசைகளுக்கு மேலே ஒட்டிவையுங்கள். எங்கள் கடைப் பட்டையில் எஃப்8-இன் பெயர் மட்டும் சிவப்பு மையில் இருக்கிறது.