ஓட்டத்துக்கு நடுவே நான்கு நிமிடம்

200 மீட்டரை முழு வேகத்தில் ஆறு முறை ஓடுவது என் காலைப் பயிற்சி. முதல் இரண்டு நன்றாகப் போகும். மூன்றாவதில் வளைவைத் தாண்டியதும் தொடை கல்லாகிவிடும், முழங்கால் எழாது. நடுவில் ஒரு நிமிடம்தான் ஓய்வு, அதையும் மண்ணில் உட்கார்ந்தே கழிப்பேன். தெம்பு போதவில்லை என்று எண்ணி இரண்டு மாதம் முட்டையைக் கூட்டினேன். பலனில்லை.

தசை இயங்கும் விதத்தைப் படித்தபிறகே கோளாறு பிடிபட்டது. முழு வேகத்தில் ஓடும்போது, போதிய ஆக்சிஜன் வந்து சேரும்வரை தசை காத்திருப்பதில்லை. தசையை இயக்கும் ஆற்றல் மூலக்கூறு ஏடிபி; அதன் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்கே வரும். அதை உடனுக்குடன் நிரப்பும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் பத்து விநாடியில் பெரும்பாலும் வற்றிவிடும். பிறகு தசை ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கிறது: ஒரு மூலக்கூறுக்கு வெறும் 2 ஏடிபி, மிச்சம் லாக்டேட். ஆக்சிஜன் இருந்தால் அதே குளுக்கோஸ் சுமார் 30 தரும்!

ஓடி முடித்து மூச்சு வாங்குகிறோமே, அந்தக் காற்றில்தான் கிரியேட்டின் பாஸ்பேட் மீண்டும் ஊறுகிறது. பாதி அரை நிமிடத்தில் திரும்பும். முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். நான் பாதிக் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

ஓய்வை நான்கு நிமிடமாக்கினேன். உட்காராமல் மெல்ல நடந்தேன். நடந்தால் லாக்டேட் விரைவில் குறையும். இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாக்கிக்கொள்கின்றன, கல்லீரல் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது. மறுநாள் வலிக்கு லாக்டேட்டைப் பழிப்பது தவறு. அது ஒரு மணி நேரத்துக்குள் இயல்பு நிலைக்கு வந்துவிடும்.

மூன்றாம் வாரம், ஆறாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட ஒரு விநாடிதான் பிந்தியது.